உழைப்பாளி எடுத்த படம் யாருடைய சொத்து?

பணக்காரன் ஒருவன் சாகிறான். அவன் வீட்டில் ஆயிரம் போட்டோக்கள் இருக்கின்றன. என்ன நடக்கிறது? வக்கீல் வருகிறார், உயில் படிக்கப்படுகிறது, படங்களுக்கு மதிப்புப் போடப்படுகிறது. பிறகு ஏதாவதொரு மியூசியத்தில் அவன் பெயரிலேயே ஓர் அறை திறக்கப்படுகிறது. திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார். கனதனவான்கள் மாலை போடுகிறார்கள்.

தொழிலாளி ஒருவன் சாகிறான். அவன் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதிலும் போட்டோக்கள் இருக்கின்றன. என்ன நடக்கிறது? வாடகை பாக்கி என்று வீட்டுக்காரன் வருகிறான். அவனுக்குப் பின்னால் பழைய பேப்பர்காரன் தராசோடு வருகிறான்.

கூலி உயர்வுக்கும் பஞ்சப்படிக்கும் போராடிக் கொண்டிருக்கும் நமக்குப் போட்டோப் பெட்டி ஒரு பிரச்சினையா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் எப்படி வேலை செய்தோம், எந்தக் கூரைக்கடியில் படுத்தோம், எந்த ஊர்வலத்தில் யார் யார் நடந்தோம் என்பதற்கு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் சாட்சி கிடையாது. பண்ணையாரின் பட்டாவிலும் கிடையாது. அந்தச் சாட்சி போட்டோவில் இருக்கிறது. சாட்சியைக் கையில் வைத்திருப்பவன் வழக்கையும் கையில் வைத்திருக்கிறான். ஆகவேதான் அந்தப் பெட்டி யார் கைக்குப் போகிறது என்று நாம் கேட்கிறோம்.

சிக்காகோ ஆயாவின் கதை

உலகத்திலேயே பெரிய முதலாளித்துவ நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைப் பாருங்கள்.

விவியன் மேயர் என்ற பெண் 1926-ல் நியூயார்க்கில் பிறந்தார். சிறு வயதில் சில ஆண்டுகள் தாயின் ஊரான பிரான்ஸ் நாட்டு மலைக் கிராமத்தில் வளர்ந்தார். 1951-ல் நியூயார்க் திரும்பினார். 1956-ல் சிக்காகோ பக்கம் போய், வசதி படைத்த வீடுகளில் குழந்தை வளர்க்கும் ஆயா வேலையில் அமர்ந்தார். சுமார் 40 ஆண்டுகள் அதே வேலை. சொந்த வீடு கிடையாது. கணவன் மக்கள் கிடையாது. வேலை செய்த வீட்டில் ஓர் அறை, அந்த அறை நிறையப் பெட்டிகள், இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி.

அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது? அவர் கழுத்தில் எப்போதும் ஒரு ரோலிபிளெக்ஸ் காமிரா தொங்கியது. எஜமானர் வீட்டுக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போதே படமெடுத்தார். நடைபாதையில் படுத்திருக்கும் ஏழைகள், வேலை முடிந்து வீடு திரும்பும் கூலியாட்கள், கறுப்பின மக்கள், அழுகிற குழந்தைகள், தோல் கோட்டு அணிந்து முறைத்துப் பார்க்கும் சீமாட்டிகள், எல்லோரையும் எடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்! பெரும்பாலானவற்றை அவர் யாருக்கும் காட்டவில்லை. நூற்றுக்கணக்கான பிலிம் சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன.

வயதாயிற்று; வேலை போயிற்று. பெட்டிகளை வாடகைக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார். வாடகை கட்ட முடியவில்லை. 2007-ல் கிடங்குக்காரர்கள் பெட்டிகளை ஏலம் விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 81. அவர் உயிரோடுதான் இருந்தார் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஏழையின் சொத்தை எடுத்துக்கொள்ள முதலாளித்துவம் அவன் சாவதற்குக்கூடக் காத்திருப்பதில்லை.

பல பேர் பங்கு போட்டு வாங்கினார்கள். வீட்டுமனை வியாபாரத்தில் இருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர் சுமார் 400 டாலர் கொடுத்து ஒரு பெட்டியை எடுத்தார். அதில் ஏறத்தாழ 30,000 நெகடிவ்கள். ஒரு டாலருக்கு 75 படம்! எடைக்குப் போட்டாலும் இதைவிட மோசமாகவா போயிருக்கும்?

2008 கடைசியில் அந்த அம்மையார் பனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். 2009 ஏப்ரல் 21-ந் தேதி காலமானார். கடைசிக் காலத்தில் குடியிருந்த வீட்டுக்கு வாடகை கொடுத்து உதவியவர்கள், ஒரு காலத்தில் அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகள். அது அவர்களுடைய நல்ல மனசு. ஆனால் 40 ஆண்டு உழைத்த ஒரு பெண், முதுமையில் யாரோ சிலருடைய நல்ல மனசை நம்பித்தான் கூரைக்கடியில் படுக்க வேண்டும் என்றால், அந்த நாட்டின் பெருமை எத்தகையது?

அவர் கண்மூடிய சில மாதங்களில் படங்கள் இண்டர்நெட்டில் வந்தன. உலகமே கைதட்டியது. பொருட்காட்சி, புத்தகம், 2013-ல் ஒரு சினிமா, அந்தச் சினிமாவுக்கு ஆஸ்கார் பரிசுப் பட்டியலில் இடம். அவருடைய நெகடிவ்களிலிருந்து புதிதாகப் போட்ட பிரதிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போயின. கிடங்கு வாடகை கட்ட முடியாமல் போனவர் எடுத்த படங்கள் இவை!

பெட்டி ஒன்று, உரிமை இரண்டு

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஒரு நெகடிவை விலைக்கு வாங்கியவனுக்கு அந்தப் பிலிம் துண்டு சொந்தம். ஆனால் அதிலிருந்து பிரதி போட்டு விற்கும் உரிமை சொந்தமல்ல. நீங்கள் கடையில் ஒரு புத்தகம் வாங்கினால், அதை அச்சடித்து விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறதா? இல்லையல்லவா? அதே கதைதான். படமெடுத்தவர் இறந்துவிட்டால் அந்த உரிமை வாரிசுக்குப் போகும்.

மேயர் உயில் எழுதி வைக்கவில்லை. அப்புறம் என்ன? வாரிசு வேட்டை ஆரம்பமாயிற்று! 2014-ல் ஒரு வக்கீல், பிரான்ஸ் நாட்டிலிருந்த தூரத்து உறவினர் ஒருவரை முன்னிறுத்திக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சிக்காகோ அடங்கிய குக் கவுண்டியின் சர்க்கார் அதிகாரி, இறந்தவர் சொத்து என் பொறுப்பில் என்று உள்ளே வந்தார். படத்தை வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாரிசு ஒரு பக்கம், அதிகாரி ஒரு பக்கம், எல்லோருக்கும் வக்கீல்கள். 2016-ல் மலூஃபுக்கும் அதிகாரிக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் விவரம் பகிரங்கப்படுத்தப்படவில்லை.

அமெரிக்கச் சட்டப்படி இந்த உரிமை, இறந்த பிறகு 70 ஆண்டுகள் நீடிக்கும். அதாவது 2079 முடியும் வரை. உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்மணியின் கிடங்கு வாடகைக்கு உதவாத சட்டம், செத்த பிறகு 70 ஆண்டு காவல் நிற்கிறது! யாருக்காக? படத்திலே இருக்கும் ஏழைக்காகவா? எடுத்த ஆயாவுக்காகவா? சொத்துக்காக! சொத்து என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் போதும், அதற்குக் காவல் போட அவர்களுடைய சட்டம் ஒருநாளும் தவறியதில்லை.

"குப்பைக்குப் போயிருக்குமே!"

முதலாளித்துவத்தின் வக்கீல்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அந்த வியாபாரி வாங்கியிராவிட்டால் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். லாப ஆசைதான் அவற்றைக் காப்பாற்றியது. ஆகவே லாப ஆசைக்கு நன்றி சொல்லுங்கள்" என்கிறார்கள்.

நாம் தனி மனிதரைத் திட்ட வரவில்லை. மலூஃப் அந்தப் படங்களைப் பாதுகாத்தார். அவற்றை எடுத்தவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்தார். ஆயாவின் பெயரை உலகுக்குச் சொன்னார். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அவர்கள் வாதத்தின் அர்த்தம் என்ன என்று பாருங்கள். "உழைப்பாளியின் ஆயுட்கால வேலைக்கு எங்கள் சமுதாயத்தில் இரண்டே இடம்தான் உண்டு: ஒன்று குப்பைத்தொட்டி, இன்னொன்று ஏலக்கடை" என்று அவர்களே வாக்குமூலம் கொடுக்கிறார்கள்! வீடு தீப்பற்றியபோது திருடன் எடுத்துப் போன பாத்திரம் மட்டும் தப்பியது என்றால், திருடனுக்கு மாலை போடுவதா, தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கேட்பதா?

மேலும், அந்த ஏலத்தில் ஒரு படப்பிரியர் வந்து நின்றது தற்செயல். இன்னும் எத்தனையோ கிடங்குகளில் எத்தனையோ பெட்டிகள் ஏலம் போகின்றன. வெள்ளி எடுப்பதற்காகப் பழைய பிலிம்களைக் கிலோக் கணக்கில் வாங்கி உருக்கிய வியாபாரம் உலகெங்கும் நடந்திருக்கிறது. உருகிப் போனவர்களின் பெயரை யார் கண்டார்கள்?

மில் குழந்தைகளின் சாட்சி

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஒரே மனிதர் எடுத்த படங்கள் இரண்டு வழியில் போன கதையைக் கேளுங்கள்.

லூயிஸ் ஹைன் ஒரு பள்ளி ஆசிரியர். 1908-ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலாளர் கொடுமையை எதிர்த்த ஒரு தேசியக் கமிட்டிக்காகப் படமெடுக்கக் கிளம்பினார். அமெரிக்காவின் தெற்குப் பிரதேசப் பஞ்சாலைகளுக்குள் நுழைந்தார். முதலாளிகள் விடுவார்களா? பைபிள் விற்பவர் போலவும், போஸ்ட் கார்டு வியாபாரி போலவும், தீயணைப்பு இன்ஸ்பெக்டர் போலவும் வேஷம் போட்டு உள்ளே போனார். தன் சட்டைப் பொத்தான் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, அதை வைத்தே குழந்தையின் உயரத்தைக் கணக்கிட்டார். கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே குறிப்பு எழுதினார்.

1909-ல் ஜார்ஜியா மாகாணத்து மேக்கன் ஊர் மில்லில் அவர் எடுத்த ஒரு படம் இருக்கிறது. இரண்டு சின்னப் பையன்கள். காலில் செருப்பில்லை. ஸ்பின்னிங் பிரேமுக்கு அவர்கள் உயரம் எட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிரேமின் மேலேயே ஏறி நின்று அறுந்த நூலை ஒட்டுகிறார்கள், தீர்ந்த பாபினை மாற்றுகிறார்கள். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். "எங்கள் மில்லில் குழந்தைகளே இல்லை" என்று சத்தியம் செய்த முதலாளிகளின் வாயை இத்தகைய படங்கள் அடைத்தன. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் 1938-ல் அமெரிக்காவில் நிலைபெற்றதற்குப் பின்னால் தொழிலாளர் போராட்டத்தோடு இந்தப் படங்களும் நிற்கின்றன.

அந்தக் கமிட்டி, தன்னிடமிருந்த 5,000-க்கும் மேற்பட்ட ஹைன் படங்களை 1954-ல் லைப்ரரி ஆப் காங்கிரஸ் என்னும் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தது. இன்றைக்கு உலகத்தில் எந்தத் தொழிலாளியும், எந்தச் சங்கமும் காலணா கொடுக்காமல் அவற்றைப் பார்க்கலாம், அச்சிடலாம். பொதுச் சொத்தான பாதி இது.

ஹைன் தன் கைவசம் வைத்திருந்த மறு பாதி என்ன ஆயிற்று? கடைசிக் காலத்தில் அவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. வீடு கடனில் போயிற்று. 1940 நவம்பரில் வறுமையில் இறந்தார். அவருடைய படங்களை ஏற்றுக்கொள்ளும்படி நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தைக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டது! ராக்பெல்லர் குடும்பத்துச் சீமாட்டி முன்னின்று ஆரம்பித்த மியூசியம் அது. மில் பையனின் அழுக்குக் கால் அங்கே எப்படி நுழையும்?

அந்தப் படங்களுக்கு அடைக்கலம் கொடுத்தது ‘போட்டோ லீக்’. தொழிலாளர் இயக்கத்தில் பிறந்து, நியூயார்க் ஏழைத் தெருக்களைப் படமெடுத்த முற்போக்கான போட்டோக்காரர்களின் சங்கம் அது. அதை விட்டார்களா? 1947 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் லீக்கின் பெயரைத் ‘தேசவிரோத’ ஸ்தாபனங்களின் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அங்கத்தினர்களுக்கு வேலை போயிற்று. போலீஸ் ஒற்றர்கள் சூழ்ந்தார்கள். 1951-ல் லீக் கலைந்தது. ஹைனின் படங்கள் மறுபடியும் அனாதையாகி, கடைசியில் கோடக் கம்பெனி ஸ்தாபகரின் மாளிகையில் அமைந்த மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தொழிலாளியின் படத்தைத் தொழிலாளியின் சங்கம் காப்பாற்றினால்கூட, அந்தச் சங்கத்தையே உடைப்பார்கள் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

வயலிலிருந்து ஒரு தாய்

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இன்னொரு உதாரணம். 1930-களில் அமெரிக்கக் கிராமங்களில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, ரூஸ்வெல்ட் சர்க்கார் சம்பளம் கொடுத்துப் போட்டோக்காரர்களை வயல்களுக்கு அனுப்பியது. குத்தகை விவசாயிகளையும், பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த கூலிகளையும் அவர்கள் படமெடுத்தார்கள். 1,70,000-க்கும் மேற்பட்ட நெகடிவ்கள் சேர்ந்தன. 1944-ல் அவை முழுவதும் அதே தேசிய நூலகத்துக்கு வந்தன. எடுத்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். ஒரு வியாபாரியாவது உள்ளே கை வைக்க முடிந்ததா? முடியவில்லை. காரணம், மக்கள் பணத்தில் எடுத்த படம் மக்களுக்கே சொந்தம். ரூஸ்வெல்ட் சர்க்கார் சோஷலிச சர்க்கார் அல்ல, முதலாளிகளின் சர்க்கார்தான். அங்கேயே இது சாத்தியமென்றால், வழியில்லை என்று சொல்ல யாருக்கு யோக்கியதை?

ஆனாலும் அதிலும் ஒரு குறை இருந்தது. 1936-ல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த புளோரன்ஸ் தாம்ப்சன் என்ற தாயை டொரோத்தி லாங்கே படமெடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம். அந்தத் தாயின் பெயரைக்கூட 40 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அறியவில்லை. 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, மருத்துவச் செலவுக்குப் பொதுமக்களிடம் குடும்பம் கையேந்த வேண்டியிருந்தது. ஏழை எளிய மக்கள் தபாலில் அனுப்பிய காசு 35,000 டாலர் சேர்ந்தது. 1998-ல் அதே படத்தின் ஒரு பழைய பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போயிற்று! சந்தைக்குப் படத்தின் மேல் உள்ள மதிப்பு, படத்திலுள்ள மனுஷியின் மேல் கிடையாது.

சுரங்கத்துக்குள் பதினோரு தொழிலாளிகள்

சந்தையில் விட்டால் கடைசியில் எங்கே போய் முடியும்? ஏகபோகத்தில்தான். நியூயார்க் வானளாவியின் உச்சியில், ஓர் இரும்பு உத்திரத்தில் வரிசையாக உட்கார்ந்து பதினோரு கட்டடத் தொழிலாளர்கள் சாப்பிடும் படத்தைத் தோழர்கள் பார்த்திருக்கலாம். 1932 செப்டம்பரில் எடுத்தது. அந்தப் பதினோரு பேரில் பெரும்பாலோரின் பெயர் நிச்சயமாகத் தெரியவில்லை. எடுத்தவர் யார் என்பதிலும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் படத்தின் சொந்தக்காரர் யார் என்பதில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை!

அது பெட்மன் சேகரிப்பு என்ற பிரம்மாண்டமான படக் களஞ்சியத்தில் இருந்தது. நாஜிகளுக்குத் தப்பி 1935-ல் இரண்டு டிரங்குப் பெட்டிப் படங்களோடு அமெரிக்கா வந்த ஓட்டோ பெட்மன் தொடங்கிய களஞ்சியம். 1981-ல் அதை அவர் விற்றார். கை மாறிக் கை மாறி, 1995-ல் கோடீஸ்வரர் பில் கேட்ஸின் கார்பிஸ் கம்பெனி அதை வாங்கியது. பிறகு பென்சில்வேனியாவில் பூமிக்கடியில் 220 அடி ஆழத்தில் உள்ள பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 2016-ல் விஷுவல் சைனா குரூப் என்ற கம்பெனிக்கு உரிமை கைமாறியது. குளிரில் படங்கள் கெடாமல் இருக்கின்றன, உண்மை. ஆனால் அந்தப் பதினோரு உழைப்பாளிகளின் படத்தை ஒரு புத்தகத்தில் போட வேண்டுமென்றால், அவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நம் இயக்கத்துக்கும் இப்படி ஒரு செல்வம் உண்டு. 1943-ல் வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தபோது, தோழர் பி.சி. ஜோஷி இளம் போட்டோக்காரரான சுனில் ஜானாவை அழைத்துக்கொண்டு வங்கக் கிராமங்களுக்குப் போனார். அந்தப் படங்கள் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ ஏட்டில் வந்தன. பிரிட்டிஷ் சர்க்கார் மூடி மறைத்த பிணக்குவியலை அவை நாட்டுக்குக் காட்டின. ஜானா 2012-ல் கலிபோர்னியாவில் காலமானார். பெயர் பெற்ற ஜானாவை உலகம் நினைவில் வைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சங்க ஊர்வலத்தைப் படமெடுத்த ஸ்டூடியோக்காரரை, மறியலில் நின்ற தோழரின் தகரப் பெட்டியை யார் நினைவில் வைப்பார்கள்?

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகடிவ்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு செய்தது. பாராட்டுகிறோம். ஆனால் நம் பாட்டன் முகத்தைக் காப்பாற்ற லண்டனிலிருந்து காசு வரவேண்டுமா? பிலிம் காத்திருக்காது. வெக்கையிலும் ஈரத்திலும் அது காடி வாடை வீசிச் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு ஆயிரம் மந்திரிகள் வந்தாலும் முகம் திரும்பி வராது.

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

1. சாதாரண மக்களின் போட்டோக்களையும் நெகடிவ்களையும் பெற்றுக்கொண்டு, குளிர் அறையில் வைத்துப் பாதுகாக்கும் பொறுப்பை அரசு ஆவணக் காப்பகமும் மாவட்ட நூலகங்களும் ஏற்க வேண்டும். கொடுப்பவர் பிரமுகரா என்று கேட்கக்கூடாது.

2. வாடகை பாக்கிக்கோ கடனுக்கோ ஒருவர் பொருள்களை ஏலம் விடும்போது, படங்களையும் கடிதங்களையும் ஏலத்திலிருந்து விலக்க வேண்டும். உரியவர் இல்லையென்றால் அவை பொது நூலகத்துக்கு வர வேண்டும்.

3. பொதுப் பணத்தில் எடுத்த, பொதுப் பணத்தில் காக்கப்படும் படங்களை மக்கள் பார்க்கவும் பிரதி எடுக்கவும் கட்டணம் கூடாது.

சர்க்கார் செய்யும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கீழே இறக்குங்கள். அதில் இருப்பவர்கள் யார் யார் என்று மூத்த தோழர்களைக் கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு, எந்தப் போராட்டம் என்று படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும். ஒரு பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். வீட்டில் படம் வைத்திருக்கும் தோழர்கள், தமக்குப் பின் அது யாரிடம் போக வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு பெட்டிக்குள் வையுங்கள். அந்த ஒரு தாள் இல்லாததால்தான் சிக்காகோ ஆயாவின் ஆயுட்கால உழைப்பு கோர்ட்டுக் கோர்ட்டாக அலைந்தது.

நூற்ற நூல் நம்மிடம் இல்லை. விளைவித்த நெல் நம்மிடம் இல்லை. நம் முகமாவது நம்மிடம் இருக்கட்டும்! தகரப் பெட்டிகள் தராசுக்குப் போகுமுன் சங்கத்துக்கு வரட்டும்!